பேரனுக்காக மூட்டிய கரியடுப்பு



ஹாட் டாக் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டபோது நான் முகம் சுளித்தேன். நீங்களும் சுளித்தால் நான் வியப்படைய மாட்டேன். சூடான நாய் என்று ஒரு பண்டத்துக்குப் பெயர் வைப்பார்களா? நீளவாக்கில் பிளந்த பன் ரொட்டிக்குள் வேகவைத்த இறைச்சிச் சாசேஜ் ஒன்றை வைத்து, மேலே குழம்போ சாறோ ஊற்றித் தருவதுதான் அது. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த சாசேஜ், நியூயார்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் பன்னுக்குள் புகுந்து பெயர் பெற்றது. சாசேஜுக்குள் என்ன இறைச்சி இருக்கிறதென்று யார் கண்டது என்று 1890-களில் கல்லூரி மாணவர்கள் செய்த கேலிதான் பெயராக ஒட்டிக்கொண்டது என்பர். கேலியாகப் பிறந்த பெயர் என்றாலும் நம்மவர்க்கு அது உறுத்தத்தான் செய்கிறது. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டு, ஹலால் சான்று வேண்டுமானால் இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடைக்கு அரசின் இஸ்லாமிய வளர்ச்சித் துறை அறிவுறுத்தியது. அது உலகெங்கும் செய்தியாயிற்று.

பெயரைப் பற்றி இவ்வளவு போதும். நான் சொல்ல வந்தது வேறு.

2019-ஆம் ஆண்டு ஏப்ரலில், அமெரிக்காவின் தென் ஃபுளோரிடாவில் மியாமிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கும் என் மகள் வீட்டுக்குச் சென்றேன். ஆறு மாதத் தங்கல். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் புறப்பட்டால் மாலையில்தான் திரும்புவார்கள். பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. இரவில் என் அறையில்தான் படுப்பான். கீழக்கரைக் கதைகளைக் கேட்டுக்கொண்டே உறங்கிப்போவான். கதைகளில் அவனுக்கு மிகவும் பிடித்தது, என் வாப்பா சிறுவயதில் தொதல் சட்டியைச் சுரண்டப்போய் விரலைச் சுட்டுக்கொண்ட கதை.

ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளி ஆண்டு முடிந்தது. கடைசி நாளன்று மாணவர்களைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். திரும்பி வந்த அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் என்று மகள் நினைத்தாள். கண்ணேறு என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் அவன் குரல் கேட்டது.

"உம்மம்மா, நான் ஒன்று சொன்னால் உம்மாவிடம் சொல்லிவிடக் கூடாது."

சொல்லமாட்டேன் என்றேன். பூங்காவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹாட் டாக் சுட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இவன் வழக்கம்போலத் தன் டப்பாவில் இருந்த தயிர்ச் சோற்றுடன் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். மாட்டிறைச்சிதான், நீ சாப்பிடலாம் என்று தோழன் ஒருவன் சொல்லியிருக்கிறான். இவனும் வாங்கித் தின்றுவிட்டான். பிறகு குப்பைத் தொட்டியருகே காலிப் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறான். வான்கோழி, கோழி, அவற்றோடு பன்றி என்று அச்சிட்டிருந்ததாம்.

"யா அல்லாஹ்! என்ன காரியம் செய்துவிட்டாய்!"

வாய் தவறி வந்த சொற்கள் அவை. சகோதரிகளே, அறுபது வயதைக் கடந்தவள், எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தவள், அந்த நேரத்தில் அதைத்தான் சொன்னேன். அவன் விசும்பத் தொடங்கினான். எழுந்து போய் அணைத்துக்கொண்டேன். தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை வாப்பா, மறதியையும் தவறுதலையும் ரப்பு மன்னிக்கிறான் என்று சொன்னேன். அதையெல்லாம் மதரசாவில் ஹஸரத் சொல்லித்தந்திருக்கிறார், எனக்குத் தெரியும் என்றான். பிறகு ஏனடா அழுகிறாய் என்று கேட்டேன்.

"அது ருசியாக இருந்தது, உம்மம்மா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

அவன் உறங்கிவிட்டான். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

மறுநாள் மகளிடம் பக்குவமாகப் பேச்சைத் தொடங்கினேன். நாமே வீட்டில் இந்த ஹாட் டாக்கைச் செய்தால் என்ன என்றேன். "அந்தக் குப்பையெல்லாம் நமக்கு எதற்கு உம்மா?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஜூலை நான்காம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது அமெரிக்கர்களின் சுதந்திர தினம். அன்று வீட்டுக்கு வீடு கொல்லையில் கரியடுப்பு புகையும். தெருவே ஹாட் டாக் மணக்கும். அந்த ஒரே நாளில் பதினைந்து கோடி ஹாட் டாக்குகள் தின்னப்படுவதாக அந்த வணிகத்தைச் சேர்ந்த சங்கமே கணக்குச் சொல்கிறது. அன்றும் என் பேரன் தயிர்ச் சோற்று டப்பாவோடு ஓரமாக உட்கார வேண்டுமா?

கடைப் பாக்கெட்டுகளின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் கையாலேயே சாசேஜ் செய்துவிடலாம் என்று துணிந்தேன். ஹலால் கடையிலிருந்து மருமகன் வாங்கிவந்த கொத்துக்கறியில் பூண்டு, மிளகு, ரொட்டித்தூள், உப்பு சேர்த்துப் பிசைந்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெப்பமண்டல ஊராயிற்றே, பழச்சுவை சேரட்டும் என்று பச்சை அன்னாசியை அரைத்து ஊற்றி, இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைத்தேன். விடிந்து பார்த்தால் கறி கூழாகிக் கிடந்தது. உருட்டிக் கம்பிமேல் வைத்ததும் பாதி தணலுக்குள் விழுந்துவிட்டது. மீதியைத் தின்று பார்த்த பேரன், என் மனம் நோகக் கூடாதென்று நெடுநேரம் மென்றுவிட்டு, "நன்றாக இருக்கிறது உம்மம்மா. ஆனால் இது கபாப்" என்றான்.

பச்சை அன்னாசியில் புரோமலின் என்னும் நொதி இருக்கிறது. இறைச்சியின் புரதத்தை அது அறுத்துவிடும். அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு எரிவதற்கும் அதற்குப் பங்குண்டு. நம் வீட்டு விசேஷங்களில் முற்றிய கறி வேகுவதற்குப் பப்பாளிக்காய் அரைத்துப் போடுகிறோமே, அந்தக் காயில் உள்ள பப்பெய்னும் இதே வகைதான். ஆயுள் முழுதும் பப்பாளிக்காய் போட்டுக் கறி சமைத்த எனக்கு இது தோன்றாமல் போயிற்றே! நன்றாகக் கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும். பிறகு அன்னாசியால் கறிக்கு ஆபத்தில்லை.

இந்தப் பாடத்தை எனக்குச் சொன்னவர் அடுத்த வீட்டு அம்மையார். கொலம்பியா நாட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும். அவருக்கு ஸ்பானிய மொழி, எனக்குத் தமிழ். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. பள்ளியில் ஸ்பானிய மொழி படிக்கும் பேரன்தான் வேலிக்கு இப்புறமும் அப்புறமும் துபாஷியாக நின்றான். அவர்கள் நாட்டு நகரங்களில் இரவு நேரத் தள்ளுவண்டிகளில் ஹாட் டாக் விற்பார்களாம். அதன்மேல் அன்னாசிச் சாறு ஊற்றி, உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கித் தூவி, தக்காளிச் சாஸும் மயோனைஸும் கலந்த இளஞ்சிவப்புக் குழம்பைக் கோடு கோடாக இட்டு, சில இடங்களில் அவித்த காடை முட்டையையும் வைத்துத் தருவார்களாம். பேரன் இதை மொழிபெயர்க்கும்போதே எச்சில் விழுங்கினான்.

அம்மையார் தம் அடுக்களைக்கே அழைத்துச் சென்று சாறு காய்ச்சிக் காட்டினார். நடுத்தர அன்னாசி ஒன்றைச் சீவி, கண்களை நீக்கி, பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். அரைக் கோப்பை சர்க்கரையும் கால் கோப்பை நீரும் சேர்த்து நடுத்தரத் தீயில் ஏற்றுங்கள். கால் மணி நேரம் கொதித்துப் பழம் குழைந்ததும், ஒரு தேக்கரண்டி சோளமாவை நீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியிலிருந்து வழியும்போது நூலாக இறங்காமல் தயங்கி இறங்க வேண்டும். கீழக்கரைப் பெண்களுக்குச் சொன்னால் விளங்கும்: தொதலுக்கு நெடுந்தொலைவு முன்னே நிறுத்திவிட வேண்டும். இறக்கிய பின் அரை எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழியுங்கள். நான் என் பங்குக்கு ஒரு துண்டு இஞ்சியும் இரண்டு காய்ந்த மிளகாயும் தட்டிப் போட்டேன். அம்மையார் சுவைத்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். மறுமுறை அவரே மிளகாயை எடுத்து நீட்டினார்.

இன்னொன்றும் அந்த அடுக்களையில்தான் அறிந்தேன். அன்னாசியை அனனாஸ் என்று போர்ச்சுக்கீசியர் சொல்வார்கள். நம் தமிழ்ச் சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. பழம் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் செடிதான், கொய்யாவும் பப்பாளியும்கூட. அப்படியானால் எங்கள் ஊரிலிருந்து இங்கே ஒன்றும் வரவில்லையா என்று பேரன் கேட்டான். அம்மையார் கொல்லையைச் சுட்டிக்காட்டினார். அங்கே நின்றது மாமரம். ஹேடன் என்று அதன் இனத்துக்குப் பெயர். பிறகு மருமகன் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் அதன் வரலாறு கிடைத்தது. 1889-இல் இந்தியாவிலிருந்து மல்கோவா என்னும் பெயருடன் சில மாங்கன்றுகள் ஃபுளோரிடாவுக்குக் கப்பலேறின. கடுங்குளிரில் மற்றவை மடிய, ஒன்று பிழைத்தது. அதன் பழக்கொட்டைகளை ஹேடன் என்னும் படை அதிகாரி 1902-இல் கோகனட் குரோவ் என்ற ஊரில் ஊன்றினார். 1910-இல் அதில் ஒரு மரம் காய்த்தது. இன்று உலகச் சந்தையில் விற்கும் பல மாம்பழ இனங்களுக்கு அந்த மரம் தாயோ பாட்டியோ ஆகும். ஊரின் பெயருக்குத் தென்னந்தோப்பு என்று பொருள். பேரனுக்குத் தலைகால் புரியவில்லை. மாம்பழம் எங்களுடையது என்று தெருவில் இருக்கும் அத்தனை பிள்ளைகளிடமும் அறிவித்துவிட்டு வந்தான்.

ஆகவே இரண்டாவது மேல்சேர்க்கை மாங்காயில் செய்தது. முக்கால் பழுத்த, அழுத்தினால் குழையாத மாம்பழத்தைச் சிறு சதுரங்களாக நறுக்கி, பொடியாக அரிந்த சிவப்பு வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குலுக்கி அரை மணி நேரம் வைத்தால் போதும். அடுப்பே வேண்டாம். மூன்றாவது நம் தேங்காய்த் துவையல். காய்ந்த மிளகாய், சிறிது புளி, உப்பு வைத்து நீர் விடாமல் அரைத்தது. அதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர் விட்டால் மட்டும் பன் ஊறி உடைந்துவிடும்.

சாசேஜுக்கு வருவோம். என் கபாப் கதைக்குப் பிறகு கடைச் சரக்கே கதி என்றாயிற்று. ஆனால் பாக்கெட்டின் முகப்பை நம்பாதீர்கள். திருப்பிப் பின்புறம் படியுங்கள். மாட்டிறைச்சி என்று இருப்பது மட்டும் நமக்குப் போதாது, அறுப்பு முறையும் வேண்டும். சில சாசேஜ்களின் உறை ஆட்டுக்குடலாகவோ பன்றிக்குடலாகவோ இருக்கும். தோலில்லாதவை என்று விற்பவற்றை உறையில் வேகவைத்துப் பிறகு உரித்துவிடுகிறார்கள். எனவே நம்பத்தக்க ஹலால் சான்றும் தோலில்லாத வகையும் பார்த்து வாங்கினோம். பொருட்பட்டியலைப் பேரனையே உரக்கப் படிக்கச் சொன்னேன். பூங்காவில் குப்பைத் தொட்டியருகே படித்ததை இம்முறை கடையிலேயே, தின்பதற்கு முன்பே படித்தான்.

ஜூலை நான்காம் நாள் மாலை. அடுப்புக்கரி எரிந்து மேலே சாம்பல் பூத்ததும், தணலை ஒரு பக்கமாக ஒதுக்கினோம். சூடு மிகுந்த பக்கம் ஒன்று, குறைந்த பக்கம் ஒன்று; கருகும்போல் இருந்தால் தள்ளிவைக்க இடம் வேண்டுமல்லவா? சாசேஜின்மேல் கத்தியால் சாய்வாக ஆழமில்லாத கீறல்கள் இட வேண்டும். கீறலின் ஓரங்கள் மொறுமொறுக்கும். ஊற்றும் சாறு வழியாமல் அதில் தங்கும். முள்கரண்டியால் குத்தாமல் இடுக்கியால் புரட்டினால் உள்ளிருக்கும் சாறு ஒழுகாது. ஏற்கெனவே வெந்ததுதானே என்று அலட்சியம் வேண்டாம். நடுப்பகுதி ஆவி பறக்கும்வரை, 74 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும். ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். கடைசி அரை நிமிடத்தில் வெண்ணெய் தடவிய பன்னை முகம் கவிழ்த்துக் கம்பிமேல் வைத்து எடுங்கள். அன்னாசி வட்டங்கள் இரண்டையும் பக்கத்திலேயே சுட்டால், அந்த மணத்துக்கு அண்டை வீட்டார் தாமாகவே வருவர்.

வந்தார்கள். கொலம்பிய அம்மையார் குடும்பத்தோடு வந்தார். பேரனுக்கு அன்று மாட்டிறைச்சிதான் என்று சொன்ன அந்தத் தோழனும் வந்தான். அவன் தாய் தங்கள் சாசேஜ் பாக்கெட்டைக் கொண்டுவந்து, இதையும் சுடலாமா என்று பெருந்தன்மையாகக் கேட்டார். எனக்கு நா எழவில்லை. பேரன்தான் முன்னே வந்தான். "இந்த அடுப்பில் எங்கள் உணவு மட்டும் சுடுகிறோம், மாமி. உங்களுக்கும் சேர்த்தே செய்திருக்கிறோம். அதை அடுத்த வீட்டு அடுப்பில் சுட்டுத் தருகிறேன், அதற்கு வேறு இடுக்கி இருக்கிறது" என்று அவர்கள் மொழியில் சொன்னானாம். அந்தத் தாய் முகம் வாடவில்லை. இத்தனை நாளும் தெரியாமல் போயிற்றே என்று பாக்கெட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்ற மகள், எதற்காக உங்கள் இருவருக்கும் திடீரென்று இந்த ஹாட் டாக் பித்துப் பிடித்தது என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. பேரன் புரட்டிக்கொண்டிருந்த சாசேஜிலிருந்து கண்ணை எடுக்காமலே பூங்காவில் நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டான். ருசியாக இருந்தது என்பது உட்பட. மகள் அசையாமல் நின்றாள். அவள் கண் கலங்கியது புகையினாலா என்று நான் கேட்கவில்லை. பன்னில் சாசேஜை வைத்து, அன்னாசிச் சாறு ஊற்றி, சிப்ஸ் தூவி அவனிடம் நீட்டினாள்.

"இது எப்படி இருக்கிறது என்று சொல்" என்றாள்.

"இதுதான் உம்மா, இதுதான்" என்றான், வாய் நிறைய வைத்துக்கொண்டு.

இரவு பாத்திரம் கழுவும்போது மகள் என்னிடம் கேட்டாள்: "ஒரு மாதமாக என்னிடம் மறைத்துவிட்டீர்களே உம்மா. பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா?" பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் என்றேன். அவள் சமாதானமடையவில்லை. இன்றுவரை அடையவில்லை என்றே நினைக்கிறேன். பேரனிடம் பொய்த்திருக்க வேண்டுமா, மகளிடம் மறைத்திருக்க வேண்டுமா என்று இப்போதும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மகள் குப்பை என்று சொன்னதன் நியாயத்தைப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? உப்பும் புகையும் பதப்பொருளும் ஏற்றிய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் தின்று வந்தால் அந்த நோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்பது அதன் கணிப்பு. ஒரு சாசேஜ் ஏறத்தாழ அந்த எடைதான். எனவே மகள் வீட்டில் ஆண்டுக்கு மூன்று முறைக்குமேல் அது அடுப்பேறுவதில்லை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் முழுதாகவோ வட்ட வட்டமாக நறுக்கியோ கொடுத்துவிடாதீர்கள். தொண்டைக்குழியை அப்படியே அடைத்துக்கொள்ளும் வடிவம் அது. நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடியாக நறுக்குங்கள். அடுத்த வீட்டு அம்மையாரின் சின்னப் பேத்திக்கு அப்படித்தான் கொடுத்தோம். அவள் சாசேஜை ஒதுக்கிவிட்டுத் தேங்காய்த் துவையலை மட்டும் தின்றாள்.

பேரனுக்கு இப்போது பதினைந்து வயது. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஜூலை நான்காம் நாள் அடுப்பு இப்போது அவன் பொறுப்பு. இவ்வாண்டு அன்று மாலை கீழக்கரைக்குத் தொலைபேசியில் அழைத்தான். இங்கே விடியற்காலை, நான் பஜ்ர் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"உம்மம்மா, பச்சை அன்னாசியைக் கறியில் போடலாம்தானே?" என்றான் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

போடேன், கபாப் கிடைக்கும் என்றேன். பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது: "அடுத்த வீட்டார் வந்துவிட்டார்கள், இரண்டாவது இடுக்கியை எங்கே வைத்தாய்?"